தாய்லாந்துச் சாப்பாடு உடம்புக்கு நல்லதா? ஒரு கரண்டிக் கணக்கு

தாய்லாந்து உணவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கட்சி கிளம்பிவிடும். "காய்கறி, கீரை, மீன், போதாக்குறைக்கு மூலிகை. இதைவிட நல்ல சாப்பாடு எங்கே இருக்கிறது?" என்பது ஒன்று. "எதை எடுத்தாலும் சர்க்கரை, அஜினமோட்டோ, தேங்காய்ப்பால்" என்று முகம் சுளிப்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. உணவின் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதால்தான் குழப்பம் தீர மாட்டேன் என்கிறது. ஒரே பெயருள்ள உணவு, சட்டியில் எத்தனை கரண்டி சாஸ் விழுந்தது என்பதைப் பொறுத்து நல்லதாகவும் இருக்கும், கெட்டதாகவும் இருக்கும்.

நாட்டு நிலவரத்தை முதலில் பார்த்துவிடலாம். 2019–20இல் நாடு தழுவிய அளவில் சிறுநீர்ப் பரிசோதனை மூலம் கணக்கிட்டபோது, பெரியவர் ஒருவர் உப்பில் இருக்கும் சோடியத்தை நாளொன்றுக்குச் சராசரியாக 3,636 மில்லிகிராம் உட்கொள்வது தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு 2,000. பெரியவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் எடைக் குறியீடு (BMI) 25ஐத் தாண்டியிருக்கிறது. ஆசியர்களுக்கு அது உடல்பருமன் கணக்கில் சேரும். மூலிகையும் கீரையும் நிறைந்த சமையல் உள்ள நாட்டில் இது எப்படி நடந்தது?

எந்தத் தாய்லாந்துச் சாப்பாடு?

வெளிநாட்டு உணவகப் பட்டியலில் இருக்கும் பட் தாய் நூடுல்ஸும், பச்சை நிறத் தேங்காய்ப்பால் குழம்பான பச்சைக் கறியும் தாய்லாந்துக்காரரின் தினசரி உணவு அல்ல. வடகிழக்கில், ஈசான் என்று சொல்லப்படும் பகுதியில், ஒட்டும் அரிசிச் சோறு, பப்பாளிக்காயை இடித்துச் செய்யும் சோம் தாம், சுட்ட கோழி, ப்லா ரா என்னும் ஊறவைத்த மீன் ஆகியவைதான் அன்றாடம். அங்கே தேங்காய்ப்பால் அவ்வளவாகப் புழங்காது. வடக்கிலும் ஒட்டும் சோறுதான். கூடவே சுட்ட மிளகாய்த் துவையல், பொரித்த பன்றித்தோல். தெற்கே தேங்காய்ப்பாலும் மஞ்சளும் தூக்கல், உப்பு அதைவிடத் தூக்கல். நடுப்பகுதியில் மல்லிகை அரிசிச் சோறு, தேங்காய்ப்பால் கறி, வாணலி வதக்கல்.

பழைய வீட்டுச் சாப்பாட்டின் அமைப்பு எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் உப்பில்லாத வெறும் சோறு. சுற்றிலும் காரசாரமான ஒரு துவையல், அவித்த காய், தெளிந்த சூப், துண்டு மீன். நாலைந்து பேர் பகிர்ந்து, ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்வார்கள். தொடுகறி அவ்வளவு உப்பும் உறைப்புமாக இருந்ததே, கொஞ்சம் எடுத்தால் போதும் என்பதற்காகத்தான்.

நகர வேலை வாழ்க்கை இதை மாற்றியது. இன்று பாங்காக்கில் பலர் பெரும்பாலான வேளைகளில் வெளியேதான் சாப்பிடுகிறார்கள். அதிலும் சோற்றின் மேல் வதக்கலைக் கொட்டித் தரும் ஒற்றைத் தட்டு உணவே அதிகம். தொட்டுக்கொள்ள வேண்டிய வீரியமுள்ள சுவை ஒரு தட்டு முழுக்க ஒருவருக்கே பரிமாறப்படுகிறது. காய் ஓரத்தில் இரண்டு வெள்ளரித் துண்டாகச் சுருங்கிவிட்டது. சமையல் குறிப்பு பெரிதாக மாறவில்லை, பங்கீடு மாறிவிட்டது.

நாக்கை ஏமாற்றும் சமன்

வத்தக்குழம்பில் புளி தூக்கலாகிவிட்டால் என்ன செய்வோம்? சிறு துண்டு வெல்லம் போடுவோம். தித்திப்புத் தெரிந்தால் ஒரு சிட்டிகை உப்பு. கடைசியில் ருசி சரியாகிவிடும். ஆனால் சட்டிக்குள் இருக்கும் உப்பும் வெல்லமும் முதலில் இருந்ததைவிடக் கூடிவிட்டன. அது நாக்குக்குத் தெரியாது.

தாய்லாந்துச் சமையலின் உயிரே இந்த வேலைதான். புளிப்பு, உப்பு, இனிப்பு, உறைப்பு நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். ஒரு சுவை இன்னொன்றின் கூர்மையை மழுங்கடிப்பதைச் சுவை மறைப்பு என்று சொல்லலாம். எலுமிச்சைச் சாறு சர்க்கரையை மறைக்கும், சர்க்கரை உப்பின் கரிப்பைத் தணிக்கும், இவற்றுக்கு மேல் மிளகாய் கவனத்தையே திருப்பிவிடும். நான்கையும் சேர்த்து ஏற்றினால் சமன் குலையாது, அளவு மட்டும் ஏறும். "உப்பாகவே இல்லையே" என்று சாப்பிட்டவர் சொல்வது பொய்யல்ல. அவர் நாக்கால் அதை அளக்க முடியாது, அவ்வளவுதான்.

சோம் தாம் உரலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். களிமண் உரலில் முதலில் பூண்டும் பச்சைமிளகாயும் நசுங்கும். அடுத்து ஒரு மேசைக்கரண்டி வெல்லப் பாகு. காராமணிக்காய், தக்காளி, காய்ந்த இறால், வேர்க்கடலை. ஒன்றரை மேசைக்கரண்டி மீன் சாஸ், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. கடைசியாகச் சீவிய பப்பாளிக்காய் 150 கிராம் அளவில். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை, நார்ச்சத்து நிறைய, கலோரி குறைவு. பார்த்தால் டயட் உணவேதான். ஆனால் அந்த ஒன்றரைக் கரண்டி மீன் சாஸில் மட்டும் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. முழு நாளுக்கான உச்சவரம்பும் ஒரு தட்டிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. மீன் சாஸோடு ப்லா ராவும் ஊற்றிச் செய்யும் ஈசான் வகையில் இன்னும் கூடும்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. சாற்றில் கணிசமான பகுதி தட்டின் அடியில் தேங்கிவிடும். அதை அங்கேயே விட்டுவிட்டால் சோடியத்தில் ஒரு பெரும்பங்கு தப்பிவிடும். சிக்கல் என்னவென்றால், ஒட்டும் சோற்றை உருண்டை பிடித்து அந்தச் சாற்றில் தோய்ப்பதுதான் சாப்பாட்டின் சுகமே.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பகிர்ந்து தொட்டுக்கொள்ள உருவான சுவை இன்று ஒருவர் தட்டில் முழுதாக விழுகிறது, அதன் உப்பும் சர்க்கரையும் ஒன்றையொன்று மறைப்பதால் நாக்கு எச்சரிப்பதில்லை.

சோடியம்: கணக்கு எங்கே தப்புகிறது

சோடியம் என்பது உப்பில் இருக்கும் ஒரு தாது. உப்பின் எடையில் சுமார் 40 விழுக்காடு அது. ஒரு தேக்கரண்டி உப்பு 5 கிராம் என்றால் 2,000 மில்லிகிராம் சோடியம்.

இரத்தத்தில் சோடியத்தின் செறிவு ஒரே அளவில் நிற்க வேண்டும். உப்பு அதிகம் உள்ளே போனால், செறிவைச் சரிக்கட்ட உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். இரத்தத்தின் கொள்ளளவு கூடும். குழாய்ச் சுவரில் அழுத்தம் ஏறும். சிறுநீரகம் மிச்சத்தை மெல்ல வெளியேற்றும். ஆனால் இது தினமும் மூன்று வேளையும் நடந்தால் குழாய்கள் விறைக்கும், சிறுநீரகம் களைக்கும். உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் ஒன்றன் பின் ஒன்றாக வருவது இந்த வழியில்தான்.

தாய்லாந்துச் சமையலறையில் உப்பு டப்பாவைத் தேடினால் கணக்கு கிடைக்காது. உப்பு புட்டிகளில் இருக்கிறது. மேசைக்கரண்டி மீன் சாஸில் சுமார் 1,400 மில்லிகிராம் சோடியம். சோயா சாஸில் 900 ஒட்டி. ஆய்ஸ்டர் சாஸில் 500 அல்லது அதற்கு மேல். இறால் விழுதான கப்பி, சூப் கட்டி, மசாலாத் தூள் எல்லாம் தனி.

நாட்டின் மிகப் பரவலான மதிய உணவுகளில் ஒன்றான பட் கிரபாவை எடுத்துக்கொள்வோம். கொத்திய இறைச்சியைப் பூண்டு, மிளகாயோடு வதக்கி, கடைசியில் ஒரு கைப்பிடி இலையைப் போடுவார்கள். அந்த இலை வேறொன்றுமில்லை, நம் துளசிதான். ஒரு ஆளுக்கு ஆய்ஸ்டர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, மீன் சாஸ் ஒரு தேக்கரண்டி, சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி. சோடியம் 1,250 மில்லிகிராமைத் தொட்டாயிற்று. சமையல் இத்தோடு முடிந்தது, சாப்பாடு இனிமேல்தான். மேலே பொரித்த முட்டை, அதன் மேல் பிரிக் நாம்ப்லா, அதாவது மீன் சாஸில் மிதக்கும் மிளகாய் வட்டங்கள். அதில் ஒரு தேக்கரண்டி ஊற்றினால் இன்னொரு 450. ஒரு வேளையிலேயே 1,700.

நூடுல்ஸ் கடை மேசையில் நான்கு கிண்ணம் இருக்கும்: மீன் சாஸ், சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர். சூப்பில் ஏற்கெனவே உப்பு கரைந்திருக்கிறது. பலர் ஒரு வாய் ருசி பார்க்காமலே நான்கிலிருந்தும் அள்ளிப் போட்டுக் கலக்குவார்கள். நூடுல்ஸ் சூப்பின் சோடியத்தில் பெரும்பகுதி திரவத்தில்தான் இருக்கும் என்பதால் இங்கே மிச்சப்படுத்துவது சுலபம். நூடுல்ஸையும் இறைச்சியையும் தின்றுவிட்டு, சூப்பைப் பாதிக்கு மேல் விட்டுவிட வேண்டும். சைவர்களுக்கும் ஒரு சொல்: மீன் சாஸ் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் சோயா சாஸ் வரும். மீன் போகும், உப்பு போகாது.

அஜினமோட்டோ விஷயத்தில் பயம் தப்பான இடத்தில் இருக்கிறது. அது குளுட்டமேட்டும் சோடியமும் சேர்ந்த பொருள். தக்காளியிலும் மீன் சாஸிலும் இயல்பாகவே குளுட்டமேட் உண்டு. அதில் சோடியம் 12 விழுக்காடுதான், உப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அது தலைவலி தரும் என்ற புகார் கட்டுப்பாடான சோதனைகளில் சீராக நிரூபணமாகவில்லை. "அஜினமோட்டோ போடாதீங்க" என்று சொல்லிவிட்டு பிரிக் நாம்ப்லாவைத் தாராளமாக ஊற்றிக்கொள்வது வேடிக்கையான சிக்கனம்.

சோறு

மல்லிகை அரிசி சீக்கிரம் செரித்துச் சர்க்கரையாகும். ஒட்டும் அரிசி இன்னும் சீக்கிரம். அரிசி மாவுப்பொருளில் இரண்டு வகை இழை உண்டு: நேராக நீளும் அமைலோஸ், கிளைகிளையாகப் பிரியும் அமைலோபெக்டின். கிளை அதிகமென்றால் செரிமான நொதிகள் கடிக்க முனைகள் அதிகம். இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறும். ஒட்டும் அரிசியில் ஏறக்குறைய எல்லாமே அமைலோபெக்டின். ஒட்டுவதற்கும் அதுவே காரணம்.

இன்னொன்று, அது நீரில் வேகாமல் ஆவியில் வேகிறது. அதனால் ஈரம் குறைவு, அடர்த்தி அதிகம். தாய்லாந்து உணவியல் கணக்கில் 80 கலோரிக்குச் சாதாரணச் சோறு 55 முதல் 60 கிராம் வேண்டும், ஒட்டும் சோறு 35 கிராம் போதும். கைக்கு அடக்கமான மூங்கில் கூடையில் வருவதால் கொஞ்சம்போலத் தோன்றும். நீரிழிவு உள்ளவர்கள் ஏமாறும் இடம் இது.

தேங்காய்ப்பாலும் எண்ணெயும்

கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லியில் சுமார் 20 கிராம் கொழுப்பு; அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. நிறைவுற்ற கொழுப்பு என்பது பெரும்பாலும் அறை வெப்பத்தில் உறையும் இயல்புள்ள வகை. அது கூடினால் இரத்தத்திலிருந்து எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ராலைக் கல்லீரல் வாங்கும் வேகம் குறைந்து, அது குழாய்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு நாளொன்றுக்கு 22 கிராம் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒரு கிண்ணம் பச்சைக் கறியைச் சொட்டு விடாமல் குடித்தால் அந்த வரம்பை எட்டிவிடலாம். தேங்காய்க் கொழுப்பு தனி ரகம், கெடுதல் செய்யாது என்ற பேச்சு நம்மூரிலும் உண்டு. எல்டிஎல் அளவை அது ஏற்றுகிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் தாய்லாந்துக் கறி எல்லாவற்றிலும் தேங்காய்ப்பால் இல்லை. புளிப்பான கேங் சோம், மிளகு மணக்கும் காய்கறி சூப்பான கேங் லியாங், காட்டுக் கறி எனப்படும் கேங் பா மூன்றிலும் அது கிடையாது. புளிப்பும் உறைப்புமான டாம் யம் சூப்பைத் தேங்காய்ப்பால் இல்லாமல் தெளிவாகவும் கேட்டு வாங்கலாம். பச்சைக் கறிதான் வேண்டுமென்றால் திடப்பொருளைக் கரண்டியால் எடுத்துச் சோற்றில் வைத்துக்கொண்டு, மேலே எண்ணெய் பிரிந்து மிதக்கும் குழம்பைக் கிண்ணத்திலேயே விடலாம்.

எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் பாமாயில். பொரித்த முட்டையை அரை விரல்கடை எண்ணெயில் மிதக்கவிட்டு ஓரம் மொறுமொறுவென்று எடுப்பார்கள்; அவித்த முட்டை கேட்டால் அது மிச்சம். இதயத்துக்குக் கெடுதலான செயற்கை டிரான்ஸ் கொழுப்புக்கு மூலமான, பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்களைத் தாய்லாந்து 2019 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டது. நல்ல முடிவு.

கண்ணாடிக் குவளையில் வரும் சர்க்கரை

உணவில் இருக்கும் சர்க்கரையைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சோம் தாமின் ஒரு கரண்டி வெல்லம் பெரிய குற்றவாளியல்ல. உறைப்பும் உப்பும் தாகத்தைக் கிளப்ப, கை போவது ஐஸ் போட்ட ச்சா யென் பக்கம். ஆரஞ்சு நிறத் தேநீரில் இரண்டு மேசைக்கரண்டி இனிப்பூட்டிய கெட்டிப்பால், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, மேலே கொஞ்சம் பால். சேர்த்த சர்க்கரை மட்டும் சுமார் 7 தேக்கரண்டி. குளிர்ச்சி நாக்கின் இனிப்புணர்வை மந்தப்படுத்தும் என்பதால் கடைக்காரர் தாராளமாகவே போடுவார். அதே தேநீரை ஐஸ் இல்லாமல் குடித்துப் பாருங்கள், திகட்டிவிடும்.

தாய்லாந்து சுகாதாரத் துறை மக்களுக்குச் சொல்லும் எளிய வாய்பாடு 6–6–1: நாளொன்றுக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, 6 தேக்கரண்டி எண்ணெய், 1 தேக்கரண்டி உப்பு. இவற்றுக்குள் நிற்க வேண்டும். ஒரு குவளை தேநீர் முதல் ஆறைத் தாண்டிவிட்டது. 2017 செப்டம்பரில், 100 மில்லிக்கு 6 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு அளவுக்கேற்ப ஏறும் வரி வந்தது. புட்டிப் பானத் தயாரிப்பாளர்கள் சர்க்கரையைக் குறைத்தார்கள். தெருமுனைத் தள்ளுவண்டியில் கலக்கும் தேநீரை அந்த வரி தொடாது.

ஆக, சோறு வேகமாகச் சர்க்கரையாகிறது, பானம் நேரடியாகவே சர்க்கரையைக் கொடுக்கிறது. இரண்டும் ஒரே வேளையில் சேர்வதுதான் எடைக்கும் நீரிழிவுக்கும் வழி. தேங்காய்ப்பால் சில கறிகளில் மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம்.

நிஜமாகவே நல்லது எது

'நாம் பிரிக்' என்னும் மிளகாய்த் துவையல் தட்டுதான். இறால் விழுது, பூண்டு, மிளகாய், எலுமிச்சை சேர்த்து இடித்த துவையல் ஒரு சின்னக் கிண்ணம். சுற்றிலும் அவித்த பூசணி, சிறகவரை, கத்தரி, வள்ளைக்கீரை, பச்சை வெள்ளரி, முட்டைகோஸ். பக்கத்தில் ப்லா தூ என்னும் மீன், நம் கானாங்கெளுத்திக்கு நெருங்கிய சொந்தம். ஒமேகா–3 கொழுப்பு உள்ளது. துவையல் உப்புதான். ஆனால் ஒரு துண்டுக் காயின் நுனியில் ஒட்டுவது கால் தேக்கரண்டிகூட இராது. இந்தத் தட்டைச் சாப்பிடுபவர் வேறு முயற்சி எதுவும் இல்லாமலே பெரும்பாலான தாய்லாந்துக்காரர்களுக்கு இன்று எட்டாத 400 கிராம் காய்கனி இலக்கை நோக்கி நடந்துவிடுவார்.

மூலிகை விஷயத்தில் மட்டும் பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். டாம் யம்மில் மிதக்கும் எலுமிச்சைப் புல், பேரரத்தை, மக்ரூட் எலுமிச்சை இலை மூன்றையும் யாரும் மென்று விழுங்குவதில்லை. கிண்ணத்தின் அடியில் ஒதுங்கிவிடும். அவற்றின் மெய்யான உபகாரம் மணம். மணம் கூடிய சூப்புக்குக் குறைந்த உப்பே போதும்.

பழமும் ஏராளம். கொய்யா, பச்சை மாங்காய் எல்லாம் வெட்டி வண்டியிலேயே கிடைக்கும். கூடவே ஒரு சின்னப் பொட்டலம் தருவார்கள்: உப்பு, சர்க்கரை, மிளகாய்த்தூள் கலவை. அதைப் பிரிக்காமல் விடுவதே நல்லது.

பச்சை மீன்: இது ருசிக் கணக்கல்ல

ஈசானில் பச்சை ஆற்றுமீனைக் கொத்தி, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் பிசைந்து தின்னும் வழக்கம் உண்டு. அதற்குக் கோய் ப்லா என்று பெயர். அந்த மீன்களில் கல்லீரல் தட்டைப்புழுவின் இளம்பருவம் பொதிந்திருக்கலாம். அது பித்தநாளத்தில் குடியேறி ஆண்டுக்கணக்கில் அழற்சியை உண்டாக்கும். பித்தநாளப் புற்றுநோய்க்கு அது காரணம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் வகைப்படுத்தியது. அந்தப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடம் வடகிழக்குத் தாய்லாந்து. எலுமிச்சைச் சாற்றில் மீன் வெளுத்துப்போவதைப் பார்த்து வெந்துவிட்டது என்று நினைப்பது தவறு. புளிப்பு புழுவைக் கொல்லாது. முழுதாக வேகவைக்கும் சூடு கொல்லும். ப்லா ராவையும் கொதிக்கவைத்தது என்று உறுதியானால் மட்டும் சாப்பிடலாம்.

கடையிலும் சமையலறையிலும்

பானம் வாங்கும்போது "வான் நொய்" என்றால் இனிப்புக் குறைவு. "மை சை நாம் தான்" என்றால் சர்க்கரையே வேண்டாம். இரண்டும் எல்லாக் கடையிலும் புரியும். சோற்றின் மேல் கறி வைத்துத் தரும் காவ் கேங் கடையில் குழம்பை மேலே ஊற்றாமல் தனியாகத் தரச் சொல்லலாம். இரண்டு கறி எடுப்பதானால் ஒன்று தேங்காய்ப்பால் இல்லாததாக, காய் நிறைந்ததாக இருக்கட்டும். தட்டில் பாதி காய், கால் சோறு, கால் மீனோ இறைச்சியோ என்பது தாய்லாந்து சுகாதாரத் துறையே சொல்லும் அளவு.

வீட்டில் சமைப்பவர்கள் புட்டியைச் சாய்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டு அளவுக் கரண்டியால் போட வேண்டும். மீன் சாஸைப் பாதியாக்கினால் எலுமிச்சையையும் சர்க்கரையையும் கூடவே பாதியாக்குங்கள். உப்பை மட்டும் குறைத்தால் சமன் கெட்டு "சப்பென்று இருக்கிறது" என்று புட்டியை மறுபடி எடுக்கத் தோன்றும். மூன்றையும் சேர்த்து இறக்கினால் ருசி மெலிதாகுமே தவிரக் கெடாது. பூண்டு, துளசி, எலுமிச்சைப் புல்லை மட்டும் கூட்டலாம்.

சோடியம் குறைத்த மீன் சாஸ் கடைகளில் கிடைக்கிறது. வாங்குமுன் புட்டியின் பின்புறம் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். உப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாக அதைச் சேர்ப்பது வழக்கம். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது பிரச்சினையில்லை. சிறுநீரகம் பழுதானவருக்கும், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கலாம். அவர்கள் சாதாரண மீன் சாஸையே எடுத்து, கரண்டியைக் கால் அளவாக்கிக்கொள்வது பாதுகாப்பு.